நெஞ்சத்தசை உயிரணுவும் அதன் படுக்கையும்

தசை மூவகைப்படும். எலும்போடு பிணைந்து நம் விருப்பத்துக்கு இயங்குவது எலும்புத்தசை. குடல், குருதிக்குழாய் முதலியவற்றின் சுவரில் அமைந்து நம்மைக் கேளாமலே இயங்குவது மென்தசை. முன்னதைப் போல் வரியுடையதாயும் பின்னதைப் போல் விருப்பத்துக்குக் கட்டுப்படாததாயும் நெஞ்சாங்குலையில் மட்டுமே காணப்படுவது நெஞ்சத்தசை. முதலிரண்டும் இளைப்பாற நாள்தோறும் பொழுது உண்டு. மூன்றாவதற்கு ஒரு சுருக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட அரைநொடியே பொழுது.

பள்ளிப் பாடநூல்கள் செல் என வழங்குவதை இக்கட்டுரை உயிரணு என்கிறது. நெஞ்சத்தசையின் உயிரணு நீண்டு, ஆங்காங்கே கிளைத்து, அண்டை உயிரணுவோடு முனைக்கு முனை பொருந்தி நிற்கும். வளர்ந்த மாந்தரின் கீழறையில் அதன் நீளம் ஏறத்தாழ 100 முதல் 150 நுண்மீட்டர்; அகலம் 20 முதல் 30 நுண்மீட்டர்; நுண்மீட்டராவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு கூறு. அதன் உள்ளே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 நுண்மீட்டர் நீளமுள்ள சுருங்கலகுகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. சுருங்கலகு என்பது தசைச் சுருக்கத்தின் மிகச் சிறிய முழு உறுப்பு. மயோசின் என்னும் தடித்த இழைகளுக்கு இடையே ஆக்டின் என்னும் மெல்லிழைகள் சறுக்கி நுழைய, அலகு குறுகுகிறது. அலகுகள் ஒருசேரக் குறுக, உயிரணு சுருங்குகிறது. உயிரணுக்கள் ஒருசேரச் சுருங்க, நெஞ்சு துடிக்கிறது. இப்படிப்பட்ட உயிரணுக்கள் நெஞ்சாங்குலையின் பருமனில் பெரும்பகுதியை நிறைத்தாலும், எண்ணிக்கையில் அங்குள்ள உயிரணுக்களுள் மூன்றில் ஒரு பங்கு அளவே வரும். எஞ்சியவை குருதிக்குழாய் உயிரணுக்களும், நார்ப்பொருளை நெய்யும் நாரணுக்களும், பிறவும் ஆகும். இந்த நாரணுக்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வாய்வின் வரலாற்றில் பெரும் குழப்பம் விளைத்தவையும் பெரும் பாடம் கற்பித்தவையும் அவையே.

துடிப்பு எங்கிருந்து வருகிறது என்னும் வினா பழமையானது. நரம்பு ஏவுவதால் நெஞ்சு துடிக்கிறதா, தசையே தானாகத் துடிக்கிறதா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் அறிஞர் இரு கட்சியாக நின்று வாதிட்டனர். முழு உறுப்பை வைத்துக்கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. உறுப்புக்குள் நரம்பும் தசையும் பின்னிக் கிடக்கின்றன. நரம்பு ஒன்றுமில்லாத ஓர் உயிரணுவைத் தனியே எடுத்துக் கண்முன் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதற்கு வழி வகுத்தது உயிரணு வளர்ப்பு. உடலிலிருந்து பிரித்த உயிரணுக்களை, உடலுக்கு வெளியே, ஏற்ற நீர்மத்தில், ஏற்ற வெப்பத்தில் உயிரோடு பேணுதல் உயிரணு வளர்ப்பு எனப்படும். அது இருவகை. உடலிலிருந்து நேரே எடுத்தவற்றைச் சில நாள் அல்லது சில கிழமை பேணுவது முதல்நிலை வளர்ப்பு. ஓயாது பிரிந்து பெருகும் தன்மை பெற்றவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேணுவது தொடர்மரபு வளர்ப்பு. நெஞ்சத்தசையில் பின்னது அரிது. எலிக்கருவின் நெஞ்சிலிருந்து 1976-இல் வெளிவந்த எச்9சி2 என்னும் மரபு பெருகும், ஆனால் துடிக்காது. சுண்டெலியின் மேலறைக் கட்டியிலிருந்து 1998-இல் வந்த எச்எல்-1 என்னும் மரபு பெருகவும் செய்யும், துடிக்கவும் செய்யும். பெருகுதலும் துடித்தலும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை போலும். வளர்ந்த மாந்தரின் நெஞ்சத்தசை உயிரணுக்களுள் 25 அகவையில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றும், 75 அகவையில் அதில் பாதிக்கும் குறைவுமே புதிதாகப் பிறக்கின்றன என்று 2009-இல் கரிமம்-14 அளவீட்டால் கண்டனர்.

1907-இல் அமெரிக்கரான ராசு ஆரிசன் தவளைக் கருவின் நரம்புத் துணுக்கை நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு அது வளர்வதைக் கண்டார். அவரிடம் பயின்ற மாண்ட்ரோசு பரோசு, நிணநீருக்கு மாற்றாகக் கோழியின் உறைந்த குருதிநீரைக் கையாண்டு, 1910-இல் கோழிக்கருவின் நெஞ்சுத் துணுக்கைத் துடிக்கச் செய்தார். 1912-இல் அவர் கண்டது அதனினும் பெரிது. துணுக்கிலிருந்து விலகி வெளியேறிய தனி உயிரணு ஒன்று, எந்த நரம்பும் தொடாமல், எந்த அண்டையும் இல்லாமல், தானே சீராகத் துடித்தது. நூற்றாண்டு வழக்கு அங்கே தீர்ந்தது.

அதே ஆண்டு சனவரி 17 அன்று நியூயார்க்கின் ராக்கபெல்லர் நிலையத்தில் அலெக்சிசு கேரல் தொடங்கிய வளர்ப்புதான் உலகம் அறிந்த புகழ் பெற்றது. இறவாத கோழி நெஞ்சு என்று செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. கேரல் 1944-இல் மறைந்த பின்னும், உடனுழைத்த ஆல்பர்ட்டு எபெலிங் அதை 1946 வரை பேணினார். உண்மை வேறு. துடிக்கும் தசையணுக்கள் தொடக்கத்திலேயே மறைந்துவிட, கலத்தில் பெருகிக்கொண்டிருந்தவை வெறும் நாரணுக்கள். 1961-இல் இலியோனார்டு ஏபிளிக்கும் பால் மூரெடும் இயல்பான உயிரணுக்கள் ஓர் எல்லைவரையே பிரியும் என்று நிறுவியபோது, அந்த நாரணுக்களின் இறவாமையும் ஐயத்துக்குள்ளாயிற்று. உணவாக ஊற்றப்பட்ட கருச்சாற்றோடு புதிய உயிரணுக்கள் கலந்து வந்திருக்கலாம் என்பதே இன்று பலர் கருத்து. பரோசின் துடிக்கும் ஓர் உயிரணுவைவிடக் கேரலின் துடிக்காத கூட்டத்துக்கே புகழ் சேர்ந்தது. நுண்ணோக்கியில் பாராமல் செய்தித்தாளில் மட்டும் பார்த்தால் அறிவியல் இப்படித்தான் தோன்றும்.

இன்றைய முறையைச் சொல்வேன். விலங்குநல அறக்குழுவின் ஒப்புதல் பெற்ற பின்னரே பிறந்து ஒன்று முதல் மூன்று நாளான எலிக்குட்டியின் நெஞ்சை எடுப்பர். அகவை இங்கே முதன்மையானது. பிறந்த சில நாளில் நெஞ்சத்தசை உயிரணுக்கள் பிரிதலை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன, அதற்கு முன் எடுத்தவையே தட்டில் நன்கு நிலைகொள்ளும். கீழறையை மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாக நறுக்கி, டிரிப்சின், கொலாசனேசு ஆகிய நொதிகளில் இட்டால், உயிரணுக்களைப் பிணைக்கும் பொருள் கரைந்து அவை ஒவ்வொன்றாக உதிரும். உதிர்ந்தவற்றில் தசையணுவும் நாரணுவும் கலந்திருக்கும். பிரிப்பதற்கு எளிய வழி, பொறுமை. கலவையை ஒரு தட்டில் ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் நாரணுக்கள் விரைந்து தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும், தசையணுக்கள் மிதந்துகொண்டிருக்கும். மிதப்பவற்றை மெல்ல வடித்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். கேரலை ஏமாற்றிய நாரணுவின் விரைவே இங்கே அதை விலக்கும் வழியாகிறது. பிறகு உப்புகளும் சருக்கரையும் அமினோக் காடிகளும் கன்றின் ஊநீரும் கலந்த வளர்ப்பு நீர்மத்தில், 37 பாகை வெப்பமும் நூற்றுக்கு ஐந்து பங்கு கரியமில வளியும் கொண்ட வளர்பேழையில் வைப்பர். ஆய்வுக்கூடத்தில் அனைவரும் இன்குபேட்டர் என்றே அழைக்கும் அப்பேழையின் கதவை அடிக்கடி திறப்பவர் மூத்தவரிடம் ஏச்சு வாங்காமல் தப்ப முடியாது.

நீர்மத்தில் எவ்வளவு கால்சியம் இருக்க வேண்டும் என்பது ஒரு தனிக் கதை. 1880-களின் தொடக்கத்தில் இலண்டனில் சிட்னி ரிங்கர் தவளை நெஞ்சை உப்புநீரில் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்ததாக அவர் எண்ணியிருக்க, கரைக்கப்பட்டதோ குழாய் நீரில். வடித்த நீருக்கு மாறியதும் துடிப்பு நின்றது. குழாய் நீரில் இருந்த கால்சியமே நெஞ்சைத் துடிக்க வைத்தது என்று 1883-இல் அவர் எழுதினார். அந்தக் கால்சியமே உயிரணுவைக் கொல்லவும் வல்லது. கால்சியம் இல்லாத நீர்மத்தில் சற்று வைத்திருந்த நெஞ்சுக்கு மீண்டும் கால்சியம் கொடுத்தால் அது விறைத்து மடிகிறது என்று 1966-இல் கண்டனர். வளர்ந்த விலங்கின் உயிரணுக்களைப் பிரித்தெடுக்கும் முயற்சிகள் நெடுநாள் தோற்றதற்கு இதுவே ஏது. 1976-இல் பாவெலும் துவிசுட்டும் கால்சியத்தைத் தாங்கும் உயிரணுக்களைப் பெறும் வழியை வகுத்த பின்னரே அத்துறை எழுந்து நின்றது.

இனி நுண்ணோக்கிக்கு வருவோம். உயிருள்ள உயிரணு கண்ணாடியைப் போல் ஒளி ஊடுருவுவது. சாயமிட்டால் தெரியும், சாயமோ பெரும்பாலும் கொன்றுவிடும். இந்த இக்கட்டைத் தீர்த்தவர் நெதர்லாந்தின் பிரிட்சு செர்னிகே. உயிரணுவின் ஊடே செல்லும் ஒளியலை சற்றே பின்தங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அப்பின்னடைவை, வெளிச்சமும் இருளுமாக மாற்றிக் காட்டுவது அவர் 1930-களில் வடித்த அலைநிலை வேற்றுமை நுண்ணோக்கி. 1953-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்று நெஞ்சத்தசையை வளர்க்கும் ஆய்வுக்கூடம் எதிலும் அன்றாடம் முதலில் தொடப்படும் கருவி அதுவே.

விதைத்த அன்று அதன் கீழே தெரிபவை, விளிம்பில் ஒளிவட்டம் சூழ்ந்த உருண்டைகள், அசைவில்லை. மறுநாள் காலை உருண்டைகள் தட்டோடு ஒட்டிப் பரந்து, பல கோண வடிவும் சில கதிர்முனையும் கொண்டு கிடக்கும். கருவைச் சுற்றி மணிமணியான இருட்பொருள்; விளிம்போ மெல்லிய படலம். சற்று நேரம் ஒன்றையே உற்றுநோக்கினால், படலத்தின் ஓரம் வெடுக்கென உள்ளிழுத்து, மெல்லத் தளரும். மீண்டும் இழுக்கும். அடுத்துள்ளது வேறொரு விரைவில் இழுக்கும்; அதற்கு அப்பாலுள்ளது இழுக்காமலே கிடக்கும். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நடையைக் கொண்டிருக்கிறது. இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ அவற்றின் கைகள் நீண்டு ஒன்றையொன்று தொடும். தொட்ட பின் இரண்டும் ஒரே நடையில் துடிக்கும். எலியின் உயிரணுக்களில் இதை முதலில் நுணுகி எழுதியவர்கள் ஐசக் ஆராரியும் பார்பரா பார்லியும். அவர்கள் கட்டுரைகள் 1960-இலும் 1963-இலும் வெளிவந்தன. பொதுவாக இரண்டனுள் விரைந்து துடிப்பது மெல்லத் துடிப்பதைத் தன் நடைக்கு இழுத்துக்கொள்கிறது. ஒரு கிழமைக்குள் தட்டின் அடி முழுவதும் ஒரே விரிப்பாகி, ஒரு மூலையில் தொடங்கும் சுருக்கம் மறு மூலைவரை அலையாகப் பரவும்.

இதன் வழி எளியது. தொட்டுக்கொண்ட இரண்டு உயிரணுக்களின் உறைகளில் புரதத்தாலான இணைவாயில்கள் அமைகின்றன. அவற்றின் ஊடே மின்னேற்றம் தாங்கிய அயனிகள் நேரே கடந்து செல்லும். ஒன்றில் எழுந்த மின்னெழுச்சி மற்றொன்றின் உறையை எழுப்புகிறது. எழுந்த உறையில் கால்சிய வாயில்கள் திறந்து, வெளியிலிருந்து சிறிதளவு கால்சியம் உள்ளே வருகிறது. அச்சிறிதளவு, உள்ளே தேக்கி வைத்திருக்கும் பெருமளவை விடுவிக்கிறது. விடுபட்ட கால்சியம் ஆக்டினைக் கட்டியிருக்கும் பூட்டைத் திறக்க, மயோசின் அதைப் பற்றி இழுக்கிறது. ஓய்வில் உயிரணுவின் உள்ளே கால்சியத்தின் செறிவு, வெளியே உள்ளதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. துடிக்கையில் அது பத்து மடங்காக உயர்ந்து, நொடிக்குள் மீண்டும் தாழ்கிறது. ரோசர் சியென் 1980-களில் ஆக்கிய ஒளிர்சாயங்களை உயிரணுவுக்குள் ஏற்றினால், இவ்வேற்றத் தாழ்வைக் கண்ணாலேயே காணலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் உயிரணு ஒளிர்ந்து மங்கும். ஒளியின் ஏற்றத்தை நொடிக்கு நூறு படம் என்ற வீதத்தில் அளந்தால், எந்த மருந்து நடையை நீட்டுகிறது, எது குலைக்கிறது என்பதெல்லாம் எண்ணாக வெளிப்படும்.

துடிப்பைக் கண்ட பின் அமைப்பைக் காண வேண்டும். அதற்கு உயிரணுவை நிலைப்படுத்தி, சுருங்கலகின் எல்லைக்கோட்டில் அமர்ந்திருக்கும் ஆல்பா ஆக்டினின் என்னும் புரதத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியோடு ஒளிர்சாயத்தைப் பிணைத்து ஏற்றுவர். ஒருகுவிய நுண்ணோக்கியில் அப்போது உயிரணு முழுதும் இணைகோடுகளாகத் தெரியும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 2 நுண்மீட்டர் அளவு. நலமுள்ள உயிரணுவில் கோடுகள் நேராக, ஒன்றற்கொன்று இணையாக ஓடும். நலிந்ததில் அவை வளைந்தும் சிதறியும் புள்ளிகளாக உடைந்தும் கிடக்கும். பயிற்சி பெற்ற கண் ஒரு நோக்கிலேயே வேறுபாட்டை அறியும். இன்று கணிப்பொறியும் அறிகிறது.

நெஞ்சத்தசை உயிரணு எங்கும் ஒட்டிவிடாது. வெற்றுக் கண்ணாடியில் அது தடுமாறும். தட்டின் அடியில் ஏதேனும் ஒரு புரதப் படுக்கை விரிக்க வேண்டும். அதற்கு மிகப் பழகிய பொருள் கொலாசன். உடலின் புரதத்தில் ஏறத்தாழக் கால்பங்கு இதுவே. தோல், நாண், எலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தருவது. நெஞ்சாங்குலையில் தசையணுக்களைச் சுற்றிப் பின்னலாகப் படர்ந்து, ஒவ்வொன்றின் இழுப்பையும் மற்றவற்றுக்குக் கடத்துவது. இதன் அமைப்பு இன்னது என்று உலகுக்குச் சொன்ன இடம் தென்சென்னை என்பதை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்?

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 1931 முதல் மின்தொடர்வண்டி ஓடுகிறது. காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்ற சானடோரியத்தைக் கடந்தால் அடுத்தது குரோம்பேட்டை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குரோமிய உப்பால் தோல் பதனிட்ட தொழிற்சாலையின் பெயர் ஊருக்கே நிலைத்துவிட்டது. தோல் என்பது பெரும்பாலும் கொலாசன். குரோமியம் அதன் இழைகளைக் குறுக்கே பிணைக்க, அது அழுகாத பொருளாகிறது. அதே தடத்தில் கிண்டியில் இறங்கிச் சர்தார் பட்டேல் சாலையில் நடந்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும், 1948-இல் தோன்றிய மைய தோல் ஆராய்ச்சி நிலையமும் அடுத்தடுத்து வரும். 1952-இல் இயற்பியல் துறைத் தலைவராகக் கிண்டிக்கு வந்த கோ. நா. இராமச்சந்திரனுக்கு அப்போது அகவை முப்பது. சென்னைக்கு வந்த பிரித்தானிய அறிஞர் பெர்னால், கொலாசனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று சொல்லிச் சென்றார். அருகிலிருந்த தோல் நிலையம் கொலாசன் தந்து உதவ, கங்காருவின் வால்நாண் உட்படப் பலவற்றின் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் மூவிழைச் சுருளை அவர் முன்வைத்தார். மறு ஆண்டே அதைத் திருத்திச் செம்மையாக்கினார்.

அந்த அமைப்பு இது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோக் காடிகள் கொண்ட மூன்று சங்கிலிகள், முப்புரிக் கயிற்றில் புரிகள் முறுகுவதுபோல் ஒன்றையொன்று சுற்றி, 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிப்பும் உள்ள கோலாகின்றன. மூன்றும் இவ்வளவு நெருங்க வேண்டுமானால் நடுவில் இடம் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோக் காடிகளுள் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே அமர முடியும். வேதிப் பகுப்பாய்வில் கொலாசனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்று முன்பே தெரிந்திருந்தது; ஏன் என்பதற்கு விடை இந்த வடிவில் கிடைத்தது. இங்கிலாந்தில் கிரிக்கும் ரிச்சும் இழைகளுக்கிடையே உள்ள நீரகப் பிணைப்பின் எண்ணிக்கையில் மாறுபட்டு வாதிட்டனர். மூவிழை என்னும் அடிப்படை நிலைத்தது. தோல் நிலையத்தின் பேரரங்குக்கு மூவிழைச் சுருளின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அதே சாலையில் எதிர்ப்புறம் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் உயிர்நுட்பத் துறையில் இன்று நெஞ்ச இழையத்தைச் சட்டகத்தின் மேல் கட்டியெழுப்பும் ஆய்வு நடக்கிறது. ஒரே சாலையின் இருபுறமும், பதனிட்ட தோலிலிருந்து துடிக்கும் தசைவரை ஒரே புரதம் இணைத்து நிற்கிறது.

படுக்கையின் வேதிப்பண்பு மட்டும் போதாது. அதன் விறைப்பும் உயிரணுவுக்குத் தெரிகிறது. நலமுள்ள நெஞ்சத்தசையின் விறைப்பு ஏறத்தாழ 10 கிலோபாசுகல். காடைக்கருவின் உயிரணுக்களை வெவ்வேறு விறைப்புள்ள கூழ்மத்தில் வளர்த்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மிக மென்மையானதில் அவை இழுத்தன, ஆனால் இழுப்பில் பயன் குறைவு. நெஞ்சைப் போன்றதில் அவை நாள்கணக்கில் நன்கு துடித்தன. நெஞ்சடைப்புக்குப் பின் விழும் தழும்பைப் போல் விறைத்ததில், இழைகள் குலைந்து துடிப்பை நிறுத்தின. நோயுற்ற நெஞ்சில் நாரணுக்கள் கொலாசனை மிகுதியாக நெய்து இழையத்தை விறைக்கச் செய்யும்போது தசையணுக்கள் ஏன் தளர்கின்றன என்பதற்கு இது ஒரு விடை.

நாரணுக்களைத் தனியே வளர்த்துக் கண்ட உண்மையும் நம் கரைக்கு உரியது. நெஞ்சின் அகவுறை தடித்து நாராகும் ஒரு நோய் கேரளக் கடற்கரையில் மிகுந்திருந்தது. மணவாளக்குறிச்சி முதலாக அக்கரை நெடுகிலும் மோனசைட்டு மணல் உண்டு. அதில் சீரியம் என்னும் தனிமம் உண்டு. திருவனந்தபுரத்தின் சித்திரைத் திருநாள் நிலையத்தில் வலியத்தானும் உடனுழைத்தோரும் இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா என ஆராய்ந்தனர். வளர்ப்பிலுள்ள நெஞ்ச நாரணுக்களுக்குச் சீரியத்தை ஊட்டியபோது, மிகச் சிறிய அளவு கொலாசன் ஆக்கத்தைக் கூட்டியது. பெரிய அளவோ குறைத்தது. 1992-இல் வெளியான அக்கட்டுரை, மிகுதியே தீங்கு என்னும் நம் பொதுக் கணக்கைப் பொய்யாக்குகிறது.

இனித் தசையணுவுக்கே திரும்புவோம்; தட்டில் கண்டது நம் மக்களுக்கு நேரே பொருந்திய இடம் ஒன்று உண்டு. சுருங்கலகின் தடித்த இழையில், மயோசினைப் பற்றி அதன் இழுப்பை ஒழுங்கு செய்யும் புரதம் ஒன்று அமர்ந்துள்ளது. மயோசின் பற்றுப்புரதம்-சி என்பது அதன் பெயர். அதை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் இந்தியரிடையே உண்டு என்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பயின்ற பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராசு ஆகியோர் உள்ளிட்ட குழு 2009-இல் வெளியிட்டது. இந்தியத் துணைக்கண்ட வழியினரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் அதைத் தாங்குகின்றனர். நெஞ்சத்தசை நோயாளரையும் நலமுற்றோரையும் ஒப்பிட்டபோது, தாங்குவோர்க்கு நோயின் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு எனக் கணக்கிட்டனர்.

எண்ணிக்கை ஒப்பீடு தொடர்பைக் காட்டுமே தவிர, வினைப்பாட்டைக் காட்டாது. அதற்காகவே அவர்கள் வளர்ப்புத் தட்டை நாடினர். விடுபட்ட எழுத்துகளால் புரதத்தின் வாற்பகுதி மாறுகிறது. அந்த வாலே அது தடித்த இழையில் பற்றி அமரும் கொக்கி. மாறிய புரதத்தை எலியின் நெஞ்சத்தசை உயிரணுக்களுக்குள் ஆக்கச் செய்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது தன் இடத்தில் சரிவர அமரவில்லை. சுருங்கலகின் வரிகளும் சீர்குலைந்திருந்தன. மக்கள்தொகைக் கணக்கில் ஏழு மடங்காக நின்றது, தட்டில் கோணிய கோடுகளாக நின்றது.

எனினும் நூற்றுக்கு நால்வர் என்றால் கோடிக்கணக்கானோர். அவர்களுள் பெரும்பாலோர் நலமாக வாழ்ந்து முதுமை எய்துகின்றனர். ஆகவே 2009-இன் முடிவை ஊருக்கே விடுத்த எச்சரிக்கையாகக் கொள்வது பிழை. 2018-இல் சக்திவேல் சடையப்பன் குழுவினர் அமெரிக்காவில் வாழும் தென்னாசிய வழியினர் ஏறத்தாழ 2,400 பேரை ஆராய்ந்தனர். 25 எழுத்து விடுபட்டவருள் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இரண்டாவதொரு மாற்றமும் இணைந்திருப்பதையும், நெஞ்சின் இயக்கம் இயல்பை மீறுவது அவர்களிடமே என்பதையும் காட்டினர். இங்கும் சான்று தர வந்தது வளர்ப்புத் தட்டே. ஆனால் இம்முறை எலியின் உயிரணு அன்று, அந்த மாந்தரின் சொந்த உயிரணு.

அது எங்ஙனம் இயன்றது? யாரும் தம் நெஞ்சிலிருந்து ஒரு துண்டை எளிதில் ஆய்வுக்குக் கொடுக்க முடியாது. 2006-இல் சின்யா யமனாக்கா சுண்டெலியின் வளர்ந்த உயிரணுக்களையும், மறு ஆண்டு மாந்தத் தோலின் உயிரணுக்களையும், நான்கு மரபணுக்களை ஏற்றிக் கருநிலைக்கு மீட்டார். 2012-இல் நோபல் பரிசு பெற்றார். இவற்றை மீள்குருத்தணு எனலாம். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குருத்தணு ஆய்வு நடுவத்தில் இத்தகைய உயிரணுக்கள் ஆக்கப்படுகின்றன. கருவில் நெஞ்சு உருவாகும்போது ஒரு சைகைவழி முதலில் தூண்டப்பட்டுப் பின் அடக்கப்படுகிறது. அதே வரிசையில் இரண்டு சிறு மூலக்கூறுகளை அடுத்தடுத்து ஊட்டினால் மீள்குருத்தணு நெஞ்சத்தசையாக மாறும் என 2012-இல் வகுத்தனர். பத்து நாள் அளவில் தட்டில் துடிப்பு தொடங்கும். ஒருவர் கொடுத்த சிறிது குருதியோ தோலோ, அவர் மரபணு அனைத்தையும் தாங்கிய துடிக்கும் தசையாகிறது.

ஆயினும் அது முதிராத தசை. வளர்ந்தவரின் உயிரணு செங்கோண நீள்வடிவமானது. இதுவோ வட்டமாகவோ பல கோணமாகவோ பரந்திருக்கும். சுருங்கலகுகள் குட்டையாயும் திசை ஒவ்வாமலும் இருக்கும். உறையிலிருந்து உள்ளே புகும் குறுக்குக் குழல்கள் இருப்பதில்லை. வளர்ந்த நெஞ்சு கொழுப்பை எரிக்க, இது சருக்கரையை எரிக்கும். வளர்ந்த கீழறைத் தசை ஏவலுக்குக் காத்திருக்க, இது தானே துடிக்கும். நோயோ, தாங்குவோர் பலரிடம் நடு அகவைக்குப் பின்னரே தலைகாட்டுவது. நாற்பது ஆண்டில் விளைவதை நாற்பது நாள் தசையிடம் கேட்கிறோம். ஆதலின் தட்டில் கோடு கோணினால் அதைக் குறித்துக்கொள்ளலாம். கோணாவிட்டால், குறையில்லை என்று சான்று எழுதிக் கொடுக்க இயலாது. அந்த இடைவெளியைக் குறைக்கவே இன்று ஆய்வுக்கூடங்களில் இவ்வுயிரணுக்களுக்குக் கொழுப்பை உணவாக ஊட்டுகிறார்கள். மின்தூண்டலால் கிழமைக்கணக்கில் ஒரே நடையில் துடிக்கப் பழக்குகிறார்கள். தட்டையான தட்டிலிருந்து எடுத்துக் கொலாசன் கூழில் புதைத்து, இரு தூண்களுக்கிடையே பட்டையாக இழுத்துக் கட்டுகிறார்கள். கூழுக்குள் இழுபட்ட உயிரணுக்கள் இழுப்பின் திசையில் நீள்கின்றன. சில கிழமைகளில் அவற்றின் கோடுகளும் அத்திசைக்குக் குறுக்கே வரிசைப்படத் தொடங்குகின்றன.